வியாழக்கிழமை வழுக்குமரம்

இல்லைங்க, துக்க வீடெல்லாம் இல்ல. கறிச்சோறு. கிடா வெட்டி ஆக்கிருக்காங்க. அந்தா, வேப்பமரத்துக்கு அங்கிட்டு பந்தல் தெரியுதுல்ல, அது என் வீட்டு வாசல்தான். என் வீட்டுக் கறிச்சோறுதான். அதனாலதான் நான் இங்க உக்காந்திருக்கேன்.

நீங்க உக்காருங்க. செக்ரட்டரி இப்ப வரமாட்டாரு. அவரும் அங்க பந்தியிலதான் இருக்காரு. தீவனக் கம்பெனியிலருந்து ஆளு வந்திருக்குன்னு சொன்னா மட்டும் எந்திரிச்சிருவாரா? ஈரல் முடியட்டும், வருவாரு. நான் இந்தப் பால் சொசைட்டியில டெஸ்ட் பாக்குறவன். பேரு மாயழகு. பத்தொம்பது வருஷமாச்சு. லேக்டோமீட்டர பால்ல எறக்குனேன்னா, தண்ணி எவ்வளவு, கலந்தது வீட்டுலயா வழியிலயான்னு வரைக்கும் சொல்லிருவேன். மாயழகு கண்ண ஏமாத்த முடியாதுன்னு ஊருக்குள்ள ஒரு பேரு இருந்துச்சு. முந்தாநா வரைக்கும் இருந்துச்சு.

சொல்றேன். உங்களுக்கும் நேரம் போகணும்ல.

உங்க பக்கம் வழுக்குமரம் உண்டா? கோகுலாஷ்டமிக்கு உறியடி நடத்துவாங்கல்ல, அன்னைக்குச் சாயங்காலம் வழுக்குமரம். முப்பது அடி மரம். பட்டையச் சீவி, ஒரு வாரம் விளக்கெண்ணெயப் போட்டு ஊற வச்சு, கத்தாழையத் தேச்சு, கோயில் முன்னால நட்டுருவாங்க. உச்சியில மஞ்சத்துணியில ஒரு முடிச்சு. அத எந்தத் தெரு அவுக்குதோ அந்தத் தெருவுக்குக் கிடா. ஏறும்போது சுத்தி நிக்கிறவங்க மஞ்சத்தண்ணிய மொகத்துலயே அடிப்பாங்க. கண்ணு தெரியாது, கால் நிக்காது. ஒருத்தன் தோள்ல ஒருத்தன் ஏறி நின்னுதான் போகணும்.

எங்க வடக்குத் தெருவுக்கு எங்க வீட்டு ஆளுகதான். அடியில நான். மரத்தக் கட்டிப் புடிச்சு நிக்கணும். என் தோள்ல என் தம்பி தவசி. தவசி தோள்ல என் தங்கச்சி மாப்பிள்ள. அவருக்கு மேல என் மகன் லோகு, அவன் அங்கருந்து மரத்துல தாவி ஏறணும். நாலு பேர்ல யாரு முக்கியம் சொல்லுங்க? எல்லாரும் ஏறுறவனத்தான் பாப்பாங்க. கைதட்டறது அவனுக்குத்தான். ஆனா மூணு ஆள் கனம், இருநூறு கிலோ, அது எங்க வந்து நிக்குது? அத ஒருத்தனும் யோசிக்க மாட்டான். பதினோரு வருஷம் நின்னேங்க. ஒத்த வருஷம் தவறல. காய்ச்சலோட நின்னிருக்கேன்.

ஜெயிச்சதா? அது... ஜெயிக்கல. பதினோரு வருஷமும் தெக்குத் தெருக்காரய்ங்கதான் கிடாயக் கொண்டு போனாய்ங்க. ஆனா அது அடியில கோளாறு இல்ல. மேல கோளாறு.

மொத வருஷம் தவசி எடது கால என் கழுத்தோரமா வைக்காம தோள் நுனியில வச்சுட்டான். நான் நிமிந்து பாத்து, "டேய், கால உள்ள தள்ளி வையிடா"ன்னேன். அவ்வளவுதான், சொல்லி வாய மூடல, மூணு பேரும் சரசரன்னு என் மேல. அதுக்கு அடுத்த வருஷம் மாப்பிள்ள முதுக வளைச்சு நின்னாரு. நான் இரவுப்பள்ளியில எட்டாவது வரைக்கும் படிச்சவன் பாருங்க, புவியீர்ப்பு மையம்னு ஒண்ணு இருக்கு, அது உடம்புக்கு நடுவுல நேர்கோட்டுல விழுகணும். அத எடுத்துச் சொல்லலாம்னு தலையத் தூக்குனேன். மையம்னு சொல்லி முடிக்கல, விழுந்துட்டாய்ங்க. ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான். நான் தப்பக் கண்டுபிடிச்சுச் சொல்லுவேன், சொல்ற நேரத்துல விழுந்துருவாய்ங்க. ஒரு நிமிசம் பொறுத்திருந்தா திருத்திருப்பேன். பொறுமை கெடையாது.

தவசி என்ன சொல்லுவான் தெரியுமா? "அண்ணே, நீ தலையத் தூக்குனா தோள் எறங்குதுண்ணே. கண்ண மூடிக்கிட்டு ஊமையா நில்லு போதும்"ம்பான். தோள் எப்படிங்க எறங்கும்? கழுத்து வேற, தோள் வேற. அதுவுமில்லாம ஊமையா நிக்கிறதுக்கு மனுஷன் எதுக்கு, ஒரு கல்லுத்தூண நிறுத்திட்டுப் போகலாமே.

தெக்குத் தெருக்காரங்களுக்கு இருக்குற மதிப்புகூட வீட்டு ஆளுகளுக்கு என் மேல இல்லைங்க. பொய் இல்ல. ஆடி பொறந்துட்டாலே அந்தத் தெரு ஆளுக பால் ஊத்த வர்றப்ப, "அண்ணே, இந்த வருஷமும் அடியில நீங்கதான?"ன்னு கேப்பாங்க. நான் தலையாட்டுனா அவங்க மொகத்துல ஒரு சந்தோஷம் வரும் பாருங்க. எதிராளிக்குத்தான் நம்ம அருமை தெரியுது.

போன வருஷம் லோகு விழுந்ததுல வலது மணிக்கட்டு விட்டுப்போச்சு. மாவுக்கட்டு போட்டு ரெண்டு மாசம் வீட்டுல கெடந்தான். அது வேற விஷயம். வெளையாட்டுன்னா அடி படத்தான் செய்யும். அவங்கம்மா ராக்குதான் அதப் பெருசா எடுத்துக்கிட்டா. அப்பருந்தே ஒரு மாதிரி இருந்தா. ஒரு நாள் சோறு போடும்போது, "இந்த வருஷம் நீங்க நிக்க வேணாமே, வயசாகுதுல்ல"ன்னா. "எனக்கு அம்பத்திரெண்டுதான். நான் இல்லாம எவன் நிப்பான்?"னேன். இன்னொரு நாள் கேட்டா. அதையேதான் சொன்னேன். அதுக்கப்புறம் கேக்கல. நானும் புரிஞ்சுக்கிட்டா போலன்னு இருந்துட்டேன்.

இப்ப தேதி விஷயத்துக்கு வர்றேன். அங்கதான் எனக்குக் குழி வெட்டுனாய்ங்க.

எங்க ஊர்ல கோகுலாஷ்டமிய அட்டமி திதியில கொண்டாடுவாங்க. நான் காலண்டர், பஞ்சாங்கம் எல்லாம் ஒழுங்காப் பாக்குறவன். கிருஷ்ணன் பொறந்தது ரோகிணி நட்சத்திரம். சில வருஷம் அட்டமி ஒரு நாள் வரும், ரோகிணி மறுநாள் வரும். பொறந்த நாள்னா நட்சத்திரத்தத்தான எடுக்கணும்? நீங்க சொல்லுங்க, உங்க புள்ளைக்கு எத வச்சுப் பொறந்த நாள் பாப்பீங்க? எட்டு வருஷமா ஊர்க்கூட்டத்துல சொல்லிக்கிட்டிருக்கேன். நான் எந்திரிச்சாலே, "மாமா ரோகிணிய ஆரம்பிச்சுட்டாரு, டீய வாங்கிட்டு வாங்கடா"ம்பாய்ங்க.

இந்த வருஷம் புதன்கிழமை அட்டமி, வியாழக்கிழமை ரோகிணி. கூட்டம் அன்னைக்கு எனக்குச் சொசைட்டியில ஆடிட்டு. போக முடியல. சாயங்காலம் தவசி வந்தான். வந்து மொகத்தச் சீரியஸா வச்சுக்கிட்டு, "அண்ணே, உன் பேச்சு எடுபட்டுருச்சுண்ணே. இந்த வருஷம் ரோகிணிக்குத்தான் உறியடி. வியாழக்கிழமை"ன்னான். "யாருடா எடுத்துச் சொன்னது?"ன்னேன். "நாந்தாண்ணே. நீ சொன்ன மாதிரியே சொன்னேன்"ன்னான். அவனக் கட்டிப்புடிச்சுக்கிட்டேங்க. கூடப்பொறந்தவன். சொசைட்டி வாசல்ல வச்சு, நாலு பேரு பாக்க.

நோட்டீஸா? அதக் கேளுங்க. எங்க ஊர் நோட்டீஸ்ல வருஷா வருஷம் தேதிய அச்சடிக்க மாட்டாங்க. தகராறுல தேதி மாறிட்டா காகிதம் வீணாப்போகும்னு அந்த எடத்த வெறுமனே விட்டு, அப்புறம் ஸ்கெட்ச் பேனாவால எழுதுவாங்க. என் வீட்டுச் செவுத்துல வியாழன். டீக்கடையில வியாழன். இந்தா, உங்க தலைக்கு மேல ஒட்டியிருக்குல்ல, வியாழன். மத்த எடமெல்லாம் புதனாம். நான் வீட்டுலருந்து டீக்கடை, டீக்கடையிலருந்து சொசைட்டி, அத விட்டா வேற எங்கயும் போறதில்லன்னு ஊருக்கே தெரியும். மூணு நோட்டீஸும் என் மகன் கையெழுத்து. "ழ" போட்டா வால இப்படிச் சுழிப்பான். உடைஞ்ச கையாலதான் எழுதிருக்கான். அத நான் கவனிச்சேன். கை நல்லாயிருச்சு போலன்னு சந்தோஷப்பட்டேன்.

ஊரு எப்படிச் சேந்துச்சுங்கிறதுதான் எனக்கு இன்னும் வெளங்கல. நூத்திப்பத்து வீடு இங்க பால் ஊத்துது, காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. ஒருத்தர் வாயிலயும் புதன்னு வரல. "என்ன பெரியம்மா, வியாழக்கிழமைக்கு முறுக்கு சுட்டாச்சா?"ன்னு நான் கேப்பேன். "சுடணும்பா"ன்னு குனிஞ்சுக்கிட்டே போவாங்க. சின்னப்புள்ளைகூட ஒளறல. இந்த ஊர்ல ஒரு வீட்டுல கொழம்பு தீஞ்சா அடுத்த நிமிசம் நாலு தெருவுக்குத் தெரியும். என் விஷயத்துல மட்டும் அம்புட்டு ரகசியமா வச்சிருக்காய்ங்க.

தெக்குத் தெருப் பெரியண்ணன் ஒருத்தர்தான் பாவம், சொல்லப் பாத்தாரு. திங்கக்கிழமை வந்து என் கையப் புடிச்சுக்கிட்டு, "மாயழகு, நீ எங்கயும் வெளியூர் போயிராதப்பா. நீ இல்லாம எங்க தெருவுக்கு எப்படி?"ன்னாரு. கண்ணெல்லாம் கலங்கிருந்துச்சு. அந்தத் தெருவுக்கு என் மேல இருக்குற பாசம்னு நெனச்சுக்கிட்டேன். செக்ரட்டரி வந்து அவரத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாரு.

செவ்வாக்கிழமை ராக்கு முறுக்கும் சீடையும் சுட்டு டின்னுல அடைச்சா. இவ எதையும் கடைசி நேரத்துல செய்யறவ. ரெண்டு நாள் முன்னாலயே செய்யறாளேன்னு, "இந்த வருஷம் சுறுசுறுப்பாயிட்ட"ன்னு பாராட்டுனேன். அதுக்கும் சிரிக்கல. "ஏங்க, நாளைக்கு ஒட்டன்சத்திரத்துல எங்க சித்தி மக புது வீட்டுக்குப் பால் காய்ச்சறா. எனக்கு முடியல, நீங்க போயி தலையக் காட்டிட்டு வந்துருங்க"ன்னா. அட்டமியில எவடி பால் காய்ச்சுவான்னேன், அவங்க அதெல்லாம் பாக்குறதில்லன்னா. வியாழக்கிழமைதான உறியடி, புதன்கிழமை போயிட்டு வந்தா என்னன்னு கெளம்பிட்டேன். அஞ்சே காலு மொத பஸ்ஸு. பஸ் ஏத்தி விட லோகு வந்தான். அவன் என்னைய பஸ் ஏத்தி விட்டதே இல்ல. "பாத்துப் போங்கப்பா"ன்னான். தோள்ல கைய வச்சான்.

அங்க போனா, பந்தியில உக்காந்திருக்கிறப்ப ஒரு பெரியவரு கேக்குறாரு, "என்ன மாப்ள, இன்னைக்கு உங்க ஊர்ல உறியடியாச்சே, நீங்க இங்க இருக்கீங்க?"ன்னு. அப்பவாச்சும் எனக்கு உறைச்சிருக்கணும். நான் என்ன பண்ணேன்? எலையத் தள்ளி வச்சுட்டு அவருக்கு ரோகிணியப் பத்தி வெளக்கம் சொன்னேன். அரை மணி நேரம். திதின்னா என்ன, நட்சத்திரம்னா என்ன, எங்க ஊர் எப்படித் திருந்துச்சுங்கிறது வரைக்கும். அவரு எந்திரிச்சுப் போயி சித்தி மக காதுல ஏதோ சொன்னாரு. அந்தப் புள்ள வந்து என் எலையில ரெண்டு கரண்டி பாயாசத்த ஊத்தி, "சாப்பிடுங்க மாமா"ன்னுட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டா. பாயாசம் நல்லாத்தான் இருந்துச்சு.

சாயங்காலம் அஞ்சரைக்கு ஊருக்குள்ள பஸ் நுழையுது. ரோடெல்லாம் மஞ்சத்தண்ணி. ஆளுக எல்லாம் நனைஞ்சு நிக்குது. மைக்கு செட்டு அலறுது. என்னடா இது, ஒத்திகையான்னு எறங்குனேன். பஸ் ஸ்டாப்புல நின்ன கூட்டம் என்னைப் பாத்ததும் அப்படியே விலகுச்சு. எழவு வீட்டுக்கு வந்தவனுக்கு வழி விடுவாங்கல்ல, அப்படி. எதிர்க்க எங்க தெரு மொத்தமும் மேளத்தோட வருது. நடுவுல கிடா. கிடாய்க்கு மாலை. அதுக்குப் பின்னால என் மகன ரெண்டு பேரு தூக்கிட்டு வர்றாய்ங்க. கையில மஞ்சத்துணி.

மேளம் நின்னுச்சு. லோகு எறங்குனான். "அப்பா"ன்னான். தவசி முன்னால வந்து, "அண்ணே, நாம ஜெயிச்சுட்டோம்ணே"ன்னான். "நாம"ன்னு சொன்னான்ங்க அந்தப் பய. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "அடியில யாரு நின்னது?" "நாந்தாண்ணே"ன்னான். "அப்ப ரெண்டாவது?" "மாப்பிள்ள." "மூணாவது?" "லோகு." "நாலாவது?" அவன் தரையப் பாத்தான். "நாலாவது ஆளு தேவைப்படலண்ணே."

கேட்டீங்களா? எனக்குப் பதிலா வேற ஒருத்தன நிறுத்திருந்தாகூட மனசு ஆறும்ங்க. என் எடத்துக்கு எவனோ வந்துட்டான்னு அவனத் திட்டிட்டுப் போவேன். எடமே இல்லன்னுட்டாய்ங்க.

வீட்டுக்குப் போயி ராக்குகிட்ட கேட்டேன். "முப்பது வருஷம் கூட இருந்தவ, என் மொகத்தப் பாத்து எப்படிடி ஒட்டன்சத்திரம்னு சொன்ன?" அவ அழுகல. அடுப்புல கொழம்ப எறக்கி வச்சுட்டு, "ரெண்டு தடவ கேட்டேன்ல. நீங்க அடியில நின்னா லோகுவ மரத்துல ஏற விடமாட்டேன்னு தவசிகிட்ட நாந்தான் சொன்னேன். அவன் ஏறியே தீருவேங்கிறான். உங்ககிட்ட நெசத்தச் சொன்னா நீங்க விலகிருப்பீங்களா?"ன்னா. "கண்டிப்பா விலகிருப்பேன்"னேன். அதுக்கு அவ என்னையப் பாத்தா பாருங்க ஒரு பார்வ. பாலக் கொண்டு வந்து ஊத்துறப்ப, தண்ணியே கலக்கலன்னு சத்தியம் பண்ணுவாங்கல்ல சில பேரு, அவங்கள நான் எப்படிப் பாப்பேனோ அப்படிப் பாத்தா.

அன்னையிலருந்து... அன்னையிலருந்து என்ன, நேத்துலருந்துதான், ஒரு வாய் சோறு அந்த வீட்டுல திங்கல. காலையில டீக்கடையில நாலு பன்னு. கடைக்காரன் காசு வேணாங்கிறான். அவனும் கூட்டுத்தான், குத்துதுல்ல.

வீடியோ ஒண்ணு எடுத்திருக்காய்ங்க. செக்ரட்டரி போன்ல காட்டுனாரு. பாக்க மாட்டேன்னுதான் சொன்னேன். நாலு தடவ பாத்தேன். தவசி மரத்தக் கட்டிப்புடிச்சுக்கிட்டு நிக்கிறான். கண்ண இறுக்கி மூடியிருக்கான். மஞ்சத்தண்ணிய வாளி வாளியா மூஞ்சியில அடிக்கிறாங்க, ஒரு வார்த்தை பேசல. மாப்பிள்ள முதுகு அப்பவும் வளைஞ்சுதான் இருக்கு. நான் சொல்லித் திருந்தாத முதுகு. யாரும் எதுவும் சொல்லல, அப்படியே நிக்குது. எல்லாம் தப்புத் தப்பா நிக்கிறாய்ங்க. அதிர்ஷ்டம், வேற என்ன.

லோகு உச்சிக்குப் போயி முடிச்ச அவுத்துட்டு, ஒரு கையால மரத்தப் புடிச்சுக்கிட்டு கீழ பாத்துச் சிரிக்கிறான். அந்த உடைஞ்ச கையாலதான் புடிச்சிருக்கான். எனக்கு இருபத்திரெண்டு வருஷமா மகன். அப்படி ஒரு சிரிப்பு அந்த மூஞ்சியில இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. சிரிச்சுட்டு, கூட்டத்துல யாரையோ தேடுறான். அந்தப் பக்கம் பாக்குறான், இந்தப் பக்கம் பாக்குறான். அதோட வீடியோ நின்னுருது. யாரத் தேடுனான்னு செக்ரட்டரிகிட்ட கேட்டேன். "ஒனக்கே தெரியும்யா"ன்னுட்டு போன பையில போட்டுக்கிட்டாரு.

தேடுறவன் எதுக்கு பஸ் ஏத்தி விடணும்? அதச் சொல்லுங்க.

சரி, விடுங்க. அடுத்த வருஷம் அவய்ங்களே நிக்கட்டும். நான் கேட்டுக் கெஞ்சமாட்டேன். இன்னைக்குத்தான் வியாழக்கிழமை. என் கணக்குக்கு இன்னைக்குத்தான் உறியடி. ஊர்ல நான் ஒருத்தன்தான் சரியான நாள்ல கொண்டாடுறேன், பன்னு தின்னுக்கிட்டு.

இந்தா, ராக்கு வர்றா. பாருங்க, பந்திய விட்டுட்டு வர்றா. மூணாவது தடவ. சாப்பிடக் கூப்பிடத்தான் வர்றா, நான் போகமாட்டேன். நீங்க சாட்சி.

என்ன? சாப்பிட வரமாட்டேன்னு சொல்லிட்டேன்ல. நீ போ.

என்ன தவசிக்கு?

கைய்யத் தூக்க முடியலையா? சோத்தப் பெசைய முடியலையா? எது, வலது தோளா எடது தோளா? ரெண்டுமா? நேத்து ராத்திரி படுக்கும்போது எப்படிப் படுத்தான், மல்லாந்தா ஒருச்சாஞ்சா? தெரியாதா? என்னத்ததான் கேட்டுக்கிட்டு வந்த? என்னையத்தான் கேக்குறானா? ஏன், ஊமையா நிக்கச் சொல்லிக் குடுத்தான்ல, ஊமையாவே வலிய வாங்கிக்கிறது...

சுடுதண்ணி ஒத்தடமா? எவ சொன்னது? யாரு வைக்கப்போறா இப்ப?

பாத்தீங்களா, கூத்த! மொத நாள் சூடு பட்டா வலி உள்ளுக்குள்ள எறங்கி உக்காந்துக்கும், ஆறு மாசத்துக்குக் கைய எடுக்க முடியாது. பதினோரு வருஷம் நான் பட்டிருக்கேன். இவளுகளுக்கு என்ன தெரியும். நீங்க இருங்க, செக்ரட்டரிய நான் எழுப்பி அனுப்புறேன். அந்தச் செருப்பக் கொஞ்சம் தள்ளுங்க... இந்தா வர்றேன்டி, நீ முன்னால ஓடு. ஓடிப்போய் சொல்லு. ஏய், தவசி தோள்ல எவளும் கைய வைக்காதீங்க! நான் வர்ற வரைக்கும் யாரும் தொடாதீங்க!